எலுமிச்சைப்புல் முடிச்சு

தேர்வாய் கண்டிகையில் நான் வேலை செய்யும் கம்பெனியில் தரை துடைக்கும் மருந்தை மாற்றியிருக்கிறார்கள். காலையில் உள்ளே நுழைந்ததும் எலுமிச்சைப்புல் வாசனை முகத்தில் அடித்தது. ஒன்பது வயதில் என் கை முழுக்க இருந்த வாசனை.

மலைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் இருந்த மாமா இறந்துபோனார். அன்று பஸ் ஓடவில்லை. அம்மா செங்கல் சூளையில் இருந்தாள். "எங்கண்ணன் மூஞ்சிய பாக்கணும், நான் வர்ற வரைக்கும் எடுக்காம பாத்துக்க" என்று சொல்லியனுப்பியிருந்தாள். அதனால் நைனா என்னையும் கூட்டிக்கொண்டு கணவாய் வழியாக முன்னால் கிளம்பினார்.

அங்கே பாதை கிடையாது. பாறையும் முள்ளும் எலுமிச்சைப்புல்லும்தான். பின்னால் வருபவருக்கு வழி தெரிய, முன்னால் போகிறவர் புல்லில் முடிச்சுப் போட்டுக்கொண்டே போவார். திரும்பும்போது கடைசி ஆள் அவற்றை அவிழ்த்துவிட வேண்டும். நைனா முடிச்சுப் போட்டுக்கொண்டே ஏறினார். கடைசி ஆள் நான்தானே என்று ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே ஏறினேன்.

அம்மா வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. காலெல்லாம் ரத்தம். மாமாவை எடுத்துவிட்டிருந்தார்கள்.

"ஒரு முடிச்சு போட்டுக்கினு வர்றதுக்கு இன்னாய்யா கேடு உனுக்கு?" என்று நைனாவின் மார்பில் அடித்தாள்.

நைனா திரும்பி என் கையைப் பார்த்தார். விரலெல்லாம் பச்சையாக இருந்தது. அந்தக் கையைத் தன் கைக்குள் மூடிக்கொண்டு, "மறந்துட்டேன்மே" என்றார்.

நைனா போய் நாலு வருஷமாகிறது. அவருக்குப் படையல் போடும்போதுகூட, "முடிச்சு போட மறந்த மனுசன்" என்றுதான் அம்மா அழ ஆரம்பிக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து இலையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.