கப்பல் மிளகாய்

ராயபுரத்தில் தோட்டம் போட்டோம் என்று சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு கட்டிலைப் போட்டால் அப்புறம் நடக்க இடமிருக்காது. இரண்டடி தோண்டினால் உப்புத் தண்ணீர் ஊறும். அதனால் அப்பா, திருவொற்றியூரில் தான் வேலை பார்த்த ஆலையில் கழித்துப்போட்ட எண்ணெய்ப் பீப்பாய்கள் இரண்டைக் கேட்டு வாங்கிவந்து, நடுவில் அறுத்து நாலு தொட்டி ஆக்கினார். மண் மாமாவின் பொறுப்பு. மாமா என்றால் அம்மாவின் தம்பி. மீஞ்சூரில் குடியிருந்துகொண்டு தினமும் ரயிலேறி ஹார்பருக்கு மூட்டை இறக்கும் வேலைக்கு வருவார். வரும்போதெல்லாம் கோணியில் வயல்மண் கட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் இறக்கினார்.

விதையும் அவர் கொண்டுவந்ததுதான். ஏதோ ஒரு கப்பலின் சமையல்காரன் அவருக்குத் தோஸ்து ஆகி, மூன்று காகிதப் பொட்டலம் கொடுத்திருந்தான். பொட்டலத்தின் மேல் எழுதியிருந்தது எந்த நாட்டு எழுத்து என்று மாமாவுக்குத் தெரியவில்லை. அதைத் தவிர மற்ற எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒன்று பீன்ஸ், ஒன்று கிர்ணிப் பழம், மூன்றாவது மிளகாய். அந்த மூன்றாவது பொட்டலத்தை மட்டும் அவர் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"இது கப்பல் மொளகா. ஒண்ண கிள்ளிப் போட்டா ஒரு அண்டா கொயம்புக்குக் காரம் ஏறிக்கும். ரெண்டு போட்டா நேரா ஆஸ்பத்திரிதான். பாத்து!"

தை மாதம் விதைத்தோம். சித்திரைக்குள் கொல்லை எங்கள் கையை மீறிப் போய்விட்டது. பீன்ஸ் கொடி பிடிமானம் தேடி அப்பாவின் பனியன் காயும் கயிற்றில் ஏறியது. கிர்ணிக் கொடி மார்பளவுச் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்கே போனது. மிளகாயோ, என் முழங்கை நீளத்துக்குக் காய்த்துச் சிவந்து தொங்கியது. அந்த அளவில் ஒரு மிளகாயை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. தெரு முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது.

இதெல்லாம் எங்கள் சாமர்த்தியம் என்று அப்பாவும் மாமாவும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்தத் தோட்டம் பிழைத்தது அடுத்த வீட்டு அத்தையால். அத்தை எங்களுக்குச் சொந்தமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்ததால் அத்தை, அவ்வளவுதான். அவள் புருஷன் காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர். அவள் மீன் விற்பாள், ஞாயிற்றுக்கிழமை முக்காடு போட்டுக்கொண்டு மாதா கோயிலுக்குப் போவாள். குழந்தை கிடையாது. குழாயில் தண்ணீர் வருவதே காலையில் ஒரு மணி நேரம்தான், அது குடிக்கவே போதாது. அத்தைதான் அரிசி கழுவிய தண்ணீரையும் மீன் கழுவிய தண்ணீரையும் ஒரு சொட்டு வீணாக்காமல் சேர்த்துவைத்து, சுவருக்கு மேலாக எங்கள் பீப்பாய்களில் ஊற்றுவாள். பீன்ஸ் படர்வதற்குக் கிழிந்த மீன்வலையைக் கட்டிக் கொடுத்ததும் அவள்தான். பதிலுக்கு அவள் எதுவும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

அம்மாவுக்கு ஒரு நேர்ச்சை இருந்தது. முதல் காய்ப்பு திருவொற்றியூர் அம்மனுக்கு. அதுவரை ஒரு மிளகாயில்கூட எச்சில் படக்கூடாது. அம்மா சொல்லாவிட்டாலும் யாரும் தொட்டிருக்க மாட்டோம், மாமா அப்படிப் பயமுறுத்தி வைத்திருந்தார். பழுத்த மிளகாய்களை அம்மா நூலில் கோத்துத் தகரக்கூரையில் காயவைத்தாள். அந்த வெயிலில் அவை பத்தே நாளில் சுருங்கிச் சலசலத்தன. வருகிற வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு.

அந்த வாரம்தான் அத்தை தண்ணீர் ஊற்ற வந்தவள், குடத்தைச் சுவரில் வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்.

"இன்னாமே இது, எலயே தெரியாம காய்ச்சிக் கெடக்குது! உம் பொண்ணும் இந்தச் செடியாட்டம் தளதளன்னு கீறா."

சொல்லிவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினாள். மறுநாள் எனக்கு ஜுரம்.

எனக்கு அப்போது எட்டு வயது. எனக்கு முன்னால் பிறந்த ஒரு அண்ணன் மூன்றே நாள் ஜுரத்தில் போய்விட்டான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் உடம்பு சுட்டதும் அம்மா ஏன் அப்படி நடுங்கினாள் என்பதை அதோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. அப்பா என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய், சிவப்பு மிக்ஸ்சர் ஒரு பாட்டில் வாங்கிவந்தார். அம்மா மிக்ஸ்சரையும் கொடுத்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தன் வழியையும் பார்த்தாள்.

திருஷ்டி சுற்றிப்போட வேண்டும். கல்லுப்பு இருந்தது. மிளகாய்தான் இல்லை. இருந்ததையெல்லாம் அரைத்துத் தூளாக்கி டப்பாவில் போட்டாயிற்று. பிள்ளைக்காகத்தானே என்று அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கோத்துவைத்திருந்த சரத்திலிருந்து மூன்றை உருவினாள். என் தலையை மூன்று சுற்றுச் சுற்றி, மூன்று முறை துப்பச் சொல்லி, அடுப்பில் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் கருகியது. நெடி மட்டும் வரவில்லை.

சாதாரண மிளகாயே நெடி வராவிட்டால் கண்ணேறு பலமாக இருக்கிறது என்று அர்த்தம். இதுவோ ஒன்று கிள்ளினால் ஒரு அண்டாவுக்குக் காரம் தரும் கப்பல் மிளகாய். அதுவே நெடியில்லாமல் எரிந்தால் அந்தக் கண் எப்பேர்ப்பட்ட கண்ணாக இருக்க வேண்டும்? அம்மா ஐந்து எடுத்துச் சுற்றினாள். அப்புறம் ஏழு. வெல்லம் கருகுகிற மாதிரி லேசாக ஒரு வாசனை வந்தது, அவ்வளவுதான். ஒரு தும்மல்கூட வரவில்லை. அம்மா அடுப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.

மறுநாள் காலை எனக்குக் கொஞ்சம் ஜுரம் இறங்கியிருந்தது. அப்பா ஷிப்டுக்குப் போனதும் அம்மா ஒரு காகிதத்தை என் கையில் கொடுத்தாள். அத்தை வாசலில், அவள் கால் பட்ட இடத்தில் ஒரு பிடி மண் எடுத்துவர வேண்டும், யாரும் பார்க்கக்கூடாது. அம்மா போனால் சந்தேகம் வரும், குழந்தை போனால் வராது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேலை கொடுத்ததே பெருமையாக இருந்தது.

நான் குனிந்து மண்ணைத் தொட்ட அதே நேரம் கதவு திறந்தது. அத்தை மீன்கூடையோடு நின்றாள்.

"இன்னா கண்ணு பண்ணிக்கினு கீறே?"

"செடிக்கு மண்ணு, அத்தே."

எங்கள் தெரு மண் கடல்மண். அதில் ஒன்றும் முளைக்காது என்பதால்தானே மாமா மீஞ்சூரிலிருந்து மூட்டை மூட்டையாகச் சுமந்தார். அது எனக்குப் பொய் சொல்லும்போது தோன்றவில்லை. அத்தை என் கையிலிருந்த காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு என் கழுத்தைத் தொட்டாள். "இன்னும் கொதிக்குதே" என்றாள். பிறகு வாசற்படியிலிருந்து இறங்கி, வலது காலை மண்ணில் நன்றாக அழுத்தி ஊன்றினாள். எடுத்தபோது ஐந்து விரலும் பதிந்திருந்தது.

"இங்க எடு. இதான் நல்ல மண்ணு."

எடுத்துக்கொண்டு வந்தேன். பெரியவள் ஒருத்தியை இவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட்டோமே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அத்தை பார்த்துவிட்டாள் என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் என் சாமர்த்தியம் குறைந்துவிடும் அல்லவா.

அந்த மண்ணோடு சேர்த்துச் சுற்றியபோதும் நெடி வரவில்லை. ஆனால் ஐந்தாம் நாள் ஜுரம் விட்டது. மிக்ஸ்சர் என்றார் அப்பா. அம்மா அத்தையிடம் அன்றிலிருந்து பேசுவதில்லை. சுவரோரம் தலை தெரிந்தால் அம்மா உள்ளே போய்விடுவாள். அந்த வீட்டுப் பக்கம் போனால் காலை உடைப்பேன் என்று என்னிடம் சொல்லிவைத்தாள். பகலெல்லாம் தோட்டத்தில் பேச்சுச் சத்தம் இல்லாமல் போயிற்று. சுவருக்கு அந்தப்பக்கம் போன கொடியில் ஒரே ஒரு கிர்ணிக்காய் பிடித்திருந்தது. அதுவும் போகட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். எனக்கு அந்தக் காய் போனதுதான் பெரிய துக்கமாக இருந்தது.

ஒரு விஷயம் மட்டும் புரியாமலிருந்தது. செடி எதுவும் வாடவில்லை. தினமும் காலையில் பீப்பாய் மண் ஈரமாக இருந்தது. அப்பா ஊற்றுகிறார் என்று அம்மா நினைத்தாள். அம்மா ஊற்றுகிறாள் என்று அப்பா நினைத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜுரத்தால் தள்ளிப்போன நேர்ச்சை அடுத்த வெள்ளிக்கிழமை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மனுக்குப் போக மீதியிருந்த சரத்திலிருந்து அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கப்பல் மிளகாயைச் சமையலுக்கு எடுப்பதாக இருந்தது. மாமாவுக்கு வீரம் வந்துவிட்டது. ஒரு கையில் வெல்லக்கட்டியும் எதிரில் ஒரு சொம்புத் தண்ணீருமாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"மச்சான், பாத்துக்க. முழுசா துன்னப் போறேன்."

கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். மென்றார். முகத்தை முன்கூட்டியே கோணலாக்கி வைத்திருந்தார், அது கொஞ்சம் கொஞ்சமாக நேரானது. ஒரு கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். இன்னொரு கடி கடித்தார். வெல்லக்கட்டி கையிலேயே இருந்தது.

"இன்னா மச்சான், இனிக்கிது?"

அப்பா ஒன்றை வாங்கிக் கடித்தார். என்னிடமும் ஒரு துண்டு கொடுத்தார். காய்ந்த பழம் மாதிரி இருந்தது. நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. அந்தச் சரத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு நேராக அடுப்புக்குப் போனாள். யார் தலையையும் சுற்றாமல் நெருப்பில் போட்டு, முகத்தை அதற்கு மேலே கொண்டுபோய் ஆழமாக மூச்சை இழுத்தாள். ஒன்றுமில்லை. பிறகு என்னைக் கடைக்கு ஓடவிட்டு ஒரு பிடி சாதாரண மிளகாய் வாங்கிவரச் சொல்லி, அதில் ஒன்றைப் போட்டாள். வீடே இருமியது. மாமா வாசலுக்கு ஓடினார். அம்மா மட்டும் அந்தப் புகைக்குள்ளேயே கண்ணில் நீர் வழிய நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவி, முந்தானையில் பீன்ஸ் பறித்துக் கட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்தாள். தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக அத்தை வீட்டுக்குப் போனோம். அம்மா படியேறாமல் கீழேயே நின்றாள். அத்தைதான் பேசினாள்.

"புள்ளைக்கு நல்லா ஆயிடிச்சாமே? வா, குந்து. உன் பழத்த எடுத்துக்கினு போ. அணிலு கடிக்கப் பாக்குது, தெனம் தொரத்திக்கினு கீறேன்."

அவள் கொல்லைக்கு எங்களை அழைத்துப் போனாள். கனம் தாங்காமல் காம்பு முறியாதிருக்க, வலைத்துண்டில் ஊஞ்சல் மாதிரி கட்டி, அந்தக் கிர்ணிப் பழத்தைத் தொங்கவிட்டிருந்தாள். சுவரோரம் தண்ணீர்க் குடம் இருந்தது. எங்கள் பக்கத்துப் பீப்பாய்க்கு எட்டுகிற இடத்தில், ஏறி நிற்க ஒரு கல்லும் போட்டிருந்தாள். அம்மா அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்று அந்த அத்தை இல்லை. என் வாழ்க்கையில் யாருக்காவது காலமெல்லாம் நன்றி சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவளுக்குத்தான் சொல்வேன். அன்று எனக்கு அந்த அளவுக்கு அறிவில்லை. அவள் பழத்தை அறுத்து நடுத்துண்டை எனக்குக் கொடுத்தபோது, பொய் சொன்னது மட்டும்தான் உறுத்தியது. துண்டைத் தட்டில் வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடினேன். பீப்பாயிலிருந்து ஒரு கை நிறைய மீஞ்சூர் மண்ணை அள்ளிக்கொண்டு வந்து அத்தையிடம் நீட்டினேன்.

"அத்தே, அன்னிக்கி உன் வாசல்ல எடுத்த மண்ணு. செடிக்கு இல்ல, அம்மாதான் எடுத்தாரச் சொன்னாங்க. இந்தா, திருப்பிக் குடுத்துட்டேன்."

அம்மாவின் முகம் வெளுத்தது. "நீ பாத்தியாக்கா?" என்றாள்.

"பாத்தேன். அதான் நல்லா அழுத்தி மிதிச்சிக் குடுத்தேன். என் கண்ணோ யார் கண்ணோ, புள்ள எழுந்து நடந்தா போதும்னு இருந்திச்சி."

அத்தை என் கையிலிருந்த மண்ணை வாங்கிக் கிர்ணிக் கொடியின் அடியில் போட்டாள். அம்மா தரையில் உட்கார்ந்து, அத்தையின் வலது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காலில் மண் ஒட்டியிருக்கிறது போல, அம்மா துடைத்துவிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் என் துண்டை எடுத்துத் தின்ன ஆரம்பித்தேன்.