‘ஃபைனல்’ என்ற சொல்லுக்குத் தடை

கல்லூரி ஆண்டறிக்கையைத் தொகுக்கும் வேலை இந்த முறையும் என் தலையில்தான். ஐந்து துறைகள், ஐந்து ஃபைல்கள்.

போன வருடம் ஒவ்வொரு துறையும் ஃபைனல், நியூ ஃபைனல், ரியல் ஃபைனல் என்று அனுப்பிக்கொண்டே இருக்க, வெட்டி ஒட்டியே நொந்துபோனேன்.

இந்த முறை சட்டம் போட்டேன். ஐந்து ஃபைல்களும் பொது ஃபோல்டரில் இருக்கும். அதிலேயே திருத்திக்கொள்ளலாம். பெயரை மட்டும் மாற்றக் கூடாது. என் மாஸ்டர் ரிப்போர்ட் அந்தப் பெயர்களை வைத்துத்தான் ஐந்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே ‘ஃபைனல்’ என்ற சொல்லுக்கே தடை.

இன்று மூன்று மணிக்கு அறிக்கையைக் காட்டும் மீட்டிங். பத்து நிமிடம் இருக்கும்போது மெக்கானிக்கல் துறைத் தலைவர் ஓடி வந்தார்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு பக்கம் சேர்த்துட்டேன்.”

“அதே ஃபைல்லயா சார்?”

“அதேதான். பேரைத் தொடவே இல்ல.”

மாஸ்டர் ரிப்போர்ட் மொத்தத்தையும் செலக்ட் செய்து, புதுப்பிக்கும் எஃப் ஒன்பது கீயை அழுத்தினேன். இரண்டு பக்கங்களும் வந்து உட்கார்ந்தன. பொருளடக்கத்தில் பக்க எண்கள்கூட மாறின.

“அவ்ளோதானா?” என்றார்.

“அவ்ளோதான் சார்!”

குரோம்பேட்டையில் இருக்கும் எங்கள் கல்லூரியில் நின்று தாம்பரம் வரை கேட்கும்படி கத்தலாம் போலிருந்தது.

மீட்டிங் முடிந்ததும் பிரின்சிபால் எல்லார் முன்னாலும் பாராட்டினார்.

“சூப்பர்மா! அப்படியே இதுக்கு ‘ஃபைனல்’னு பேர் போட்டு எனக்கு ஒரு காப்பி அனுப்பிடும்மா.”

தடைச் சட்டத்தை அவரிடம் எடுத்துச் சொல்லத் துணிந்தவர்கள் கமெண்டில் கை தூக்கவும்.