என் அம்மாவின் பேர் மேரி இல்லை

அம்மாவைத் திமிர் பிடித்தவள் என்பார்களோ என்று இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். நேற்று சோளக்காடு பஸ் ஸ்டாப்பில் நின்றபோது யாரோ நாயை "டாமி, டாமி" என்று கூப்பிட்டார்கள். அதற்குமேல் பொறுக்கவில்லை.

வெள்ளைக்காரத் துரையின் காபித் தோட்டம். ஏழு வயதில் அம்மாவின் சேலையைப் பிடித்தபடி நிற்கிறேன். காபிப் பழத்தின் புளிப்பு வாசனை, பனியில் விறைத்த கால்கள். எங்கள் பேர்கள் வாயில் நுழையவில்லை என்று பெண்கள் எல்லோருக்கும் துரை 'மேரி' என்றே வைத்திருந்தார். காலையில் பேர் கூப்பிடும்போது 'எஸ் சார்' என்றால்தான் வேலை. அன்று அம்மா வாயைத் திறக்கவில்லை.

"சொல்லித் தொலை புள்ள. வாயில இருந்து முத்தா உதிர்ந்துரும்?" என்றார் கங்காணி.

"எம்பேரு பாவாயிங்க. அம்மன் சந்நிதியில வெச்ச பேரு. தொரை ஊட்டு நாய்க்கே டாமின்னு தனிப் பேரு இருக்குது. எங்க அத்தன பேருக்கும் ஒரே பேருங்களா?"

கங்காணி அதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னாரோ, துரை முகம் சிவந்து வெளியே கைகாட்டினார். அம்மா கோயில் இருந்த திசையைக் கும்பிட்டுவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். வேலை போனது போனதுதான். ஆனால் மறுநாள் 'மேரி' என்று கூப்பிட்டபோது ஒருத்தியும் வாய் திறக்கவில்லையாம். அம்மன் சாட்சி.

படிப்பவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அவள் பேரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். பாவாயி.