காது கேளாத நாயும் என் இடது கையும்

போன வருடம் மாரி மழை தொடங்கவிருந்த நேரம் அது. திருகோணமலையில், உட்துறைமுகத்துப் பக்கமிருந்து மேடேறி வரும் ஒழுங்கை ஒன்றில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நான் வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்பவள். பாடசாலைச் சீருடைகள்தான் அதிகம். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. பொறுமைக்கும் எனக்கும் வெகுதூரம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பால் பொங்கும்வரை அடுப்பருகில் நிற்கக்கூட என்னால் முடியாது. இரண்டு தரம் வாசலுக்குப் போய் வந்துவிடுவேன்.

தெருநாய்களைக் காப்பாற்றி அவற்றுக்கு வீடு தேடிக்கொடுக்கும் ஒரு சின்னக் குழு எங்கள் ஊரில் இருக்கிறது. அதை நடத்தும் பெண் என்னிடம் சட்டை தைக்கக் கொடுப்பவள். ஒருநாள் சட்டை எடுக்க வந்தவள், கூடவே ஒரு வெள்ளைப் பெட்டை நாயையும் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, பத்து நாள் மட்டும் வச்சிருங்கோ. பஸ் ஸ்டாண்டில பின்னுக்கு எடுத்த பஸ்ஸுக்கு அடியில போயிருப்பா. அவ்வளவு ஹோர்ன் அடிச்சும் அசையேல்ல. இவவுக்குக் காது கேக்காது."

குழுவின் கொட்டிலில் ஏற்கெனவே நாற்பது நாய்கள் இருந்தன. மற்ற நாய் உறுமினால் விலகவேண்டும் என்பது இவளுக்குத் தெரியாது, உறுமல் கேட்டால்தானே விலகுவதற்கு. இரண்டே நாளில் கழுத்தில் இரண்டு கடிக்காயங்கள். அவற்றைப் பார்த்ததும் நான் சரியென்று சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து திரும்பி வருவதால் தைப்பொங்கலுக்குள் நாங்கள் வீட்டை விட்டுக்கொடுக்க வேண்டும். போகவிருந்தது ஒரு மாடி வீடு; அங்கே நாய் வளர்க்க விடமாட்டார்கள். பொங்கலுக்கு முன் இவளுக்கு ஒரு வீடு அமையாவிட்டால், திரும்பவும் அந்தக் கொட்டில்தான்.

முதல் வாரம் எனக்கு நித்திரையே இல்லை. எங்கே படுத்திருக்கிறாள், கேற் பூட்டியிருக்கிறதா, கணவரின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் நிற்கிறாளா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பிப் பார்ப்பேன். மற்ற நாயென்றால் ஒரு சத்தம் போட்டால் போதும். இவளைக் கூப்பிட ஒரு வழியும் இல்லை. ஒருநாள் காலை, எங்கள் ஊர்த் தெருக்களில் ஆடுமாடு போலத் திரியும் மான்கள் ஒழுங்கைக்குள் வந்ததைக் கண்டு கேற் இடுக்கால் நழுவிவிட்டாள். நான் இரவு உடுத்திருந்த சோட்டியோடு பின்னால் ஓடினேன், வாய்விட்டுக் கத்திக்கொண்டு! மானுக்கு முன்னால் ஓடி மறித்துத்தான் அவளைப் பிடித்தேன். திரும்பி வந்தால் வாசலில் கணவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"இஞ்ச பாரும், மான் எல்லாம் உம்மட சத்தத்துக்கு நிண்டிட்டுது. கேக்க வேண்டிய ஆளுக்குத்தான் கேக்கேல்ல."

அன்றைக்கே சைகை பழக்கத் தொடங்கினேன். விரல்களைக் கீழ்நோக்கி மடக்கினால் 'வா'. பொத்திய கையைத் தாழ்த்தினால் 'இரு'. உள்ளங்கையை விரித்துக் காட்டினால் 'நில்'. பெருவிரலை உயர்த்தினால் 'கெட்டிக்காரி'. ஒவ்வொன்றுக்கும் அவித்த ஈரலில் ஒரு சின்னத் துண்டு. வலக்கையால் காட்டி, வலக்கையாலேயே துண்டைக் கொடுப்பேன். இடக்கை முதுகுக்குப் பின்னால் இருக்கும். நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொடுப்பதும் வலக்கை, வாங்குவதும் வலக்கை. நாய்க்குக்கூட இடக்கையால் ஒரு துண்டு நீட்ட எனக்கு மனம் வராது.

மூன்று வாரத்தில் அவள் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். நான் தைக்கும்போது மெஷினின் இரும்புக் காலில் தாடையை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். அந்த அதிர்வு அவளுக்குப் பிடிக்கும். மெஷின் நின்றால் தலையைத் தூக்கி என் வலக்கையைப் பார்ப்பாள். தீபாவளியன்று ஒழுங்கையிலுள்ள வீட்டு நாய்கள் எல்லாம் வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் புகுந்து நடுங்க, இவள் மட்டும் மல்லாந்து கிடந்து நித்திரை கொண்டாள். அந்த மாரியில் நான் நிம்மதியாக இருந்தது அந்த ஒரு நாள்தான்.

பத்து நாள் இரண்டு மாதமானது. வந்து பார்த்தவர்களில் ஒருவர், "செவிட்டு நாய் எப்பிடிக் காவல் காக்கும்?" என்று கேட்டு, கொடுத்த தேத்தண்ணியையும் குடிக்காமல் போனார். இன்னொரு குடும்பத்துக்கு அவளைப் பிடித்திருந்தது. அவர்களை நானே வேண்டாம் என்றேன். வாசலில் பெரிய ரோட்டு என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணம் எனக்கே அப்போது தெரியவில்லை.

மார்கழியில், சீருடைத் தையல் தலைக்குமேல் இருந்த ஒரு சனிக்கிழமை, சம்பூரிலிருந்து ஒரு அக்கா பஸ்ஸில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். சேலைத் தலைப்பை வலது தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தார். தனியாக இருக்கிறாராம்.

"எங்கட வளவுப் பக்கம் வாகனம் ஒண்டும் வராது தங்கச்சி. நாலு ஆடு நிக்குது. பகல் முழுக்க நான் வெளியிலதான், என்ர கண்ணுக்கு முன்னால நிப்பா."

கதிரையில் அவரை இருத்திவிட்டு, என் கெட்டித்தனத்தைக் காட்டத் தொடங்கினேன். வா என்றேன், வந்தாள். இரு என்றேன், இருந்தாள். நில் என்றேன், அப்படியே நின்றாள். பெருமை பிடிபடவில்லை எனக்கு. இப்போது நீங்கள் செய்து பாருங்கோ என்றேன். அவர் இடக்கையைத் தூக்கி, நான் காட்டியது போலவே விரல்களை மடக்கினார். நாய் அந்தக் கையைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. அசையவில்லை. அவர் திரும்பவும் காட்டினார். அதற்கும் அசையவில்லை.

எனக்குத்தான் பொறுமை கிடையாதே. "அக்கா, வலக்கையால காட்டுங்கோ. அப்பதான் செய்வா" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. சின்னதாகச் சிரித்தார். "அது என்னட்ட இல்லையே தங்கச்சி."

தலைப்பைக் கொஞ்சம் விலக்கினார். வலது கை முழங்கையோடு முடிந்திருந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தேத்தண்ணி போடும் சாட்டில் குசினிக்குள் ஓடிவிட்டேன். வெட்கத்தில் காதெல்லாம் கொதித்தது. ஆனால் அந்த வெட்கத்துக்கும் முன்னால் இன்னொன்று வந்தது. அதை இங்கே மறைக்காமல் எழுதவேண்டும். ஒரு நிம்மதி. அப்பாடா, இவவால் இவளைக் கொண்டுபோக முடியாது என்ற நிம்மதி.

அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "இதெல்லாம் படிக்க இவவுக்கு எத்தினை நாள் போனது?" என்று கேட்டார்.

"மூண்டு கிழமை அக்கா."

"அப்ப இடக்கைக்கும் மூண்டு கிழமைதானே? எனக்கு ஒரு வருசம் எடுத்தது. இவ என்னை விடக் கெட்டிக்காரி போல கிடக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, குழு நடத்தும் பெண்ணுக்கு உடனே போன் எடுத்தேன். ஒரு கையால் கயிற்றையும் பிடித்துச் சைகையும் காட்ட ஏலாது, இது சரிவராது என்றேன். நியாயமான காரணம்தான். அவள் நேராகவே கேட்டாள்.

"அக்கா, நீங்கள் நாயை யோசிச்சுக் கதைக்கிறீங்களோ, உங்களை யோசிச்சோ? பொங்கலுக்கு இன்னும் நாலு கிழமைதான் கிடக்கு."

நான் போனை வைத்துவிட்டேன். அன்று முழுக்கக் கோபம், யார்மேல் என்று தெரியாத கோபம். ஒரு சிறுவனின் வெள்ளைச் சேட்டுக்கு இரண்டு இடப்பக்கக் கைகளை வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். வலக்கையில் முட்டையும் மரக்கறியும் நிறைந்த பை. இடக்கையால் கேற்றைத் திறந்ததுதான் தாமதம், அவள் என் காலடியால் நழுவி ஒழுங்கையில் இறங்கிவிட்டாள். மேட்டிலிருந்து தண்ணி ஏற்றிவரும் பவுசர் லொறி ஒன்று பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை, முதுகுப் பக்கம் அல்லவா? என்னைப் பார்த்தபடி பின்னுக்குப் பின்னுக்குத் துள்ளி விளையாடுகிறாள். நான் இடக்கையைத் தூக்கி உள்ளங்கையை விரித்தேன். நில்! அவள் நிற்கவில்லை. அந்தக் கையை அவளுக்குத் தெரியாது. இன்னும் ஒரு துள்ளல். பையை அப்படியே போட்டுவிட்டு வலக்கையை உயர்த்தினேன். நின்றாள். விரல்களை மடக்கினேன். ஓடி வந்தாள். அவள் நின்றிருந்த இடத்தில் பவுசரின் சில்லு ஏறி இறங்கியது.

நான் ஒழுங்கையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் உடைந்த முட்டைகளை ஆசையாக நக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பை முட்டை போதுமாயிருந்தது, நானும் அந்த அக்காவைப் போல ஆவதற்கு. ஒரு கை மட்டும் மிஞ்சிய நேரத்தில் என்னாலேயே அவளைக் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு மாதமாக நான் அவளை இன்னொருவர் வீட்டுக்கு ஆயத்தப்படுத்தவில்லை. என்னுடைய ஒற்றைக் கைக்கு அவளைக் கட்டிவைத்திருந்தேன்.

மண்ணைத் தட்டிக்கொண்டு உள்ளே போய் சம்பூர் அக்காவுக்கு நானே போன் எடுத்தேன். "அக்கா, மூண்டு கிழமை தருவீங்களோ?"

"ஓம், தருவன். நான் எங்க போறன்?" என்றார்.

அன்றிலிருந்து வலக்கையைச் சால்வையால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். கட்டாவிட்டால் அது தானாக எழும்பிவிடும். முதல் நாள் இடக்கையால் ஈரல் துண்டை நீட்டியபோது, யாரோ பின்னால் நின்று அதட்டப்போவது போல் கூச்சமாக இருந்தது. அவளும் துண்டைப் பார்த்துவிட்டு, காணாமல் போன என் மற்றக் கையைத் தேடினாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் முதலாம் வகுப்பிலிருந்து படித்தோம். ஒரு வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. நான் எரிந்து விழுந்தேன், கட்டிய கையோடு வீடு முழுக்க நடந்தேன். சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்ட என்னைப் பார்த்து, "வெளிநாட்டுக்காரி வந்திட்டா" என்றார் கணவர்.

கயிற்றுக்கும் வழி கண்டுபிடித்தேன். புத்தகப்பைக்குப் போடும் தடித்த நாடாவில் இடுப்புப் பட்டி ஒன்று தைத்து, கயிற்றை அதிலேயே கொழுவும்படி வைத்தேன். முதல் பட்டியை ஒரு கையால் பூட்ட முடியவில்லை. இரண்டாவதும் சரிவரவில்லை. நான்காவதுதான் இடக்கைப் பெருவிரலால் ஒரே அழுத்தில் பூட்டியது. சீருடைகள் பிந்தின, தாய்மார் வந்து ஏசினார்கள்.

சனிக்கிழமைகளில் சம்பூர் அக்கா வருவார். என் சைகைகள் பெரிதாக, படபடவென்று இருக்கும். அவருடையவை சின்னன், அமைதியானவை. கை எழும்பும் முன்பே நாய் அவரைக் கவனிக்கத் தொடங்கிவிடும். எனக்குப் பொறாமையாக இருந்தது. நித்திரையில் கிடக்கும் அவளைத் தொடும் முன் அவர் எப்போதும் நிலத்தை உள்ளங்கையால் மெதுவாகத் தட்டுவார். அதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"திடுக்கிட்டு எழும்புறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும் தங்கச்சி" என்றார், அவள் முதுகைத் தடவியபடி.

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்க, அவர் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டுச் சாமான்கள் பெட்டிகளில் கிடந்தன. இடுப்புப் பட்டியை அவரே ஒரு கையால் பூட்டிக்கொண்டார். நான் கயிற்றை வழக்கம்போல வலக்கையால் நீட்டப் போனேன். நாய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கயிற்றை இடக்கைக்கு மாற்றினேன்.

"இடக்கையால தாறன் அக்கா, குறை நினைக்காதேங்கோ."

"நான் மட்டும் எந்தக் கையால வாங்கிறன்?" என்று சிரித்துக்கொண்டே வாங்கினார். என்னால் சிரிக்க முடியவில்லை, அழுதுவிட்டேன்.

அவள் ஆட்டோவில் அவருக்குப் பக்கத்தில் ஏறி இருந்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள், என் முகத்தை அல்ல, கைகளை. அடுத்து என்ன செய்யவேண்டும் என்று கேட்கும் பார்வை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வா, இரு, நில், கெட்டிக்காரி எல்லாம் இரண்டு கைக்கும் படிப்பித்திருந்தேன். 'போ' என்று ஒரு சைகையை நான் அவளுக்குக் காட்டவே இல்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். அக்கா இருக்கையை மெல்லத் தட்டினார். அவள் அவர் பக்கம் திரும்பினாள். நான் இடக்கைப் பெருவிரலை உயர்த்தியபோது ஆட்டோ திரும்பிவிட்டது, அவள் அதைப் பார்க்கவில்லை.

இப்போது மாடி வீட்டில்தான் தைக்கிறேன். மெஷினை நிறுத்தினால் கண் இன்னும் அதன் இரும்புக் காலுக்குப் போகும். தைத்த உடுப்பைக் கொடுக்கும்போது சிலவேளை இடக்கை முந்திவிடுகிறது. சிலர் முகம் சுளிப்பார்கள், நான் மன்னிப்புக் கேட்பதில்லை. பொறுமை எனக்கு இன்றைக்கும் வந்தபாடில்லை. ஆனால் யாருக்காவது எதையாவது செய்துகாட்டப் போகும்போது, நான் நீட்டும் இந்தக் கை அவரிடமும் இருக்கிறதா என்று ஒரு கணம் நின்று பார்க்க அந்த வெள்ளை நாய் என்னைப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறாள்.