ஜன்னல் வைத்த கூட்ஸ் வண்டி

இன்று கடித உறை ஒட்டப் பிசின் புட்டியைத் திறந்ததும், இப்போது இல்லாமல் போன எங்கள் ராஜபாளையம் வீட்டின் பின்கட்டு அந்த வாசனையோடு வந்து நின்றது. அங்கேதான் என் அண்ணன், மில்லில் கழித்துப்போட்ட, நூல் சுற்றும் பாபின் கட்டைகளை வட்டவட்டமாக அறுத்துச் சக்கரமாக்கி, தீப்பெட்டிகளை ஒட்டிக் கூட்ஸ் வண்டிகள் செய்து, இரண்டு விரல் அகல ஈர்க்குத் தண்டவாளத்தில் வெயில் சாயும்வரை மெல்ல ஓட்டிக்கொண்டிருப்பான்.

சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்குப் போனவன், தங்களை ஜன்னலில்லாத கூட்ஸ் வண்டியில் அடைத்துக் கொண்டுபோனதாக எழுதியிருந்தான். கடிதம் வந்த அன்றே நான் எல்லாப் பெட்டியிலும் பிளேடால் ஜன்னல் வெட்டி, பேண்டேஜ் துணியில் திரை ஒட்டினேன்.

லீவில் வந்தவன் பார்த்தான்.

"ஏட்டி, கூட்ஸ் வண்டிக்கு யாரும் ஜன்னல் வைப்பாகளா?"

"உன்னைய அதுலதான ஏத்துதாக."

அண்ணன் பிளேடை வாங்கி, நான் வெட்டிய ஜன்னலை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினான்.