கடல் எந்தாண்ட?

எங்கள் கோவளம் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில், பீரோவின் மேல் ஒரு மிக்சி அட்டைப்பெட்டி இருக்கிறது. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. வலப்பக்கம் நீல மார்க்கரில் ‘கடல்’ என்று ஒரே சொல். தூக்கிப் போடச் சொல்லாத ஆளில்லை. நான் விடவில்லை.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில், கம்ப்யூட்டரே இல்லாமல் கம்ப்யூட்டர் பாடம் நடத்தியவர் எங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சர். நான் பக்கத்து வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை பெட்டியைத் தலையில் மாட்டிக்கொண்டு இயந்திரமாகும். மற்றவர்கள் கூடி யோசித்து, கட்டளைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாகச் சொல்லி அதைக் குழாயடிவரை நடத்திப்போக வேண்டும். “சொன்னத மட்டும் செய். புரியலன்னா நில்லு” என்பதுதான் விதி. இடது வலதெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்குப் புத்தகத்தோடு சரி. வாயில் வருவது ‘கடலாண்ட திரும்பு’, ‘ரோட்டாண்ட திரும்பு’. மைதானத்தில் பிசகே வராது, ஓட்டை வழியே கடல் தெரியும். டீச்சரும் அதைத் திருத்தவில்லை.

பிள்ளைகள் வந்து செய்துகாட்டினால் கம்ப்யூட்டர் தருவதாக சிறுசேரியில் ஒரு கம்பெனி சொன்னது. அந்த வாரம் முழுக்க டீச்சருக்குச் சோறே இறங்கவில்லை. துணைக்கு நானும் போனேன். கம்பெனியின் ஏசி ஹாலில் பெட்டியை மாட்டி நின்றவள் வகுப்பிலேயே சுட்டியான பெண். நேராக நடந்தாள். “கடலாண்ட திரும்பு” என்றதும் நின்றுவிட்டாள். சன்னலெல்லாம் திரை. பெட்டிக்குள்ளிருந்து, “கடலு எந்தாண்ட கீது மிஸ்?” என்றாள். டை கட்டியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “அவ சரியாத்தான் நிக்கிறா சார், புரியலன்னா நிக்கணும்” என்று டீச்சர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கம்ப்யூட்டர் வேறு பள்ளிக்குப் போனது. “இந்தக் கூத்தெல்லாம் போதும்மா” என்று தலைமையாசிரியர் வகுப்பையே நிறுத்திவிட்டார்.

மறுநாள் பள்ளி விட்டதும் டீச்சர் என்னையும் அந்தப் பெண்ணையும் இருக்கச் சொன்னார். பெட்டியின் வலப்பக்கம் ‘கடல்’ என்று எழுதி, “எங்க போனாலும் இனிமே இதான் கடல்” என்று அவளுக்கு மாட்டினார். “கடலாண்ட திரும்பு” என்றதும் ஒருமுறை திரும்பினாள். மறுமுறை திரும்பப் போனவள் பெட்டியைக் கழற்றிவிட்டாள்.

“நான் திரும்புனா கடலும் கூடவே திரும்பிக்கினு வருது மிஸ். அப்போ போய்ச் சேரவே முடியாதே?”

டீச்சர் கைதட்டிச் சிரித்தார். சிரித்தபடியே அழுதார். தன் டீச்சர் செய்த பிழையை அந்தச் சின்னப் பெண் கண்டுபிடித்ததைப் பார்க்க, டீச்சரையும் என்னையும் தவிர அங்கே யாரும் இல்லை. கொஞ்ச நாளில் டீச்சர் கருங்குழிப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். பிறகு சேதியே இல்லை.

இப்போது அறை நிறையக் கம்ப்யூட்டர். பிள்ளைகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அம்புக்குறிகளைத் தட்டுகிறார்கள். யாரும் எதையும் கேட்பதில்லை. ஆயாம்மா தூசி தட்டும்போதெல்லாம் பெட்டி எந்தப் பக்கமாவது திரும்பிவிடுகிறது. நான் நாற்காலியில் ஏறி, அந்தச் சொல்லை மறுபடி கடல் பக்கமாகத் திருப்பி வைக்கிறேன்.