ஓரகத்திக்காக ஒரு ஸ்தோத்திர ஜெபம்

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன், அதிலும் பாதி மறந்துவிட்டது. முன்னே நடந்ததைப் பின்னே எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தேவன் தந்த ஒரு மனுஷிக்காக நன்றி சொல்லி ஒவ்வொருவரும் எழுத வேண்டும் என்று போதகரின் மனைவி கேட்டார். நான் என் ஓரகத்திக்காக நன்றி சொன்ன நாளை எழுதுகிறேன்.

அவள் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. இண்டூர்ப் பக்கம் ஒரே களத்தைச் சுற்றித்தான் எங்கள் இரண்டு வீடும். பல வருஷத்துக்கு முன்னே என் மகளைப் பெண் பார்க்க மாரண்டஹள்ளியிலிருந்து வந்தார்கள். தக்காளித் தோட்டம் உள்ள குடும்பம், நம்மைப் போல வேதக் கோயிலுக்குப் போகிறவர்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. என்னவென்று கேட்டுவர வீட்டுக்காரரை அனுப்பினேன். முகம் செத்து வந்தார்.

"பொண்ணுக்கு வலிப்பாமே, உங்க வூட்டு அம்மாவே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து சொன்னாங்களேன்னு கேக்கறாங்க."

வழியனுப்பப் போனவள் ஓரகத்திதான். என் மகளுக்கு ஒரு நாளும் வலிப்பு வந்ததில்லை. ஆனால் அந்தப் பேச்சு ஊர் ஊராகப் போயிற்று. பிறகு யாரும் வரவில்லை. மகள் இன்றும் ஓசூரில் ஒரு கம்பெனியில் தனியாகத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் போய்க் கேட்கவில்லை. கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கவே எனக்கு நாக்கு எழாது. ஞாயிறுதோறும் அவளோடு ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடினேன். அவள் குரல் அடைக்க வேண்டும் என்று பாடிக்கொண்டே வேண்டினேன். அவளுடைய கறவை மாடு செத்த அன்று எனக்குச் சோறு இனித்தது.

போன வருஷம் அவள் பேத்திக்கு நிச்சயம். மாப்பிள்ளை அதே மாரண்டஹள்ளி வீட்டுப் பையன். அன்று என் மகளைப் பார்க்க வந்த மூத்த அம்மாவும் பந்தலில் இருந்தார். கண் மங்கிவிட்டது, காது மட்டும் நன்றாகக் கேட்கும் என்றார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னே போதகர், "பொண்ணோட சின்ன ஆயா ஸ்தோத்திரம் பண்ணி ஜெபிக்கட்டும்," என்று என்னைக் காட்டினார்.

ஓரகத்தி சிரித்தாள். "ஐயோ, அவளா! அவ வாயத் தெறக்கறதுக்குள்ள சோறு ஆறிப்போயிடும் பாஸ்டர்!"

பந்தலே சிரித்தது. நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன். எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஜெபத்துக்குக் குறுக்கே யாரும் பேச மாட்டார்கள் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது.

"அப்பா, எங்க அக்காவுக்காக ஸ்தோத்திரம். அவங்க கைக்காக ஸ்தோத்திரம். என் பிரசவத்துல வெந்நி வெச்சுக் குடுத்த கை."

"ஸ்தோத்திரம்," என்றது கூட்டம்.

"அவங்க காலுக்காக ஸ்தோத்திரம். விருந்தாளிங்கள பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோயி விட்ட காலு."

கண்ணைக் கொஞ்சம் திறந்து பார்த்தேன். அவளும் திறந்திருந்தாள்.

"அவங்க வாய்க்காக ஸ்தோத்திரம்..."

சொல்லிவிட்டு நிறுத்தினேன். எனக்கு அவசரமே இல்லை. அவள் இரண்டு கையையும் கூப்பினாள். கும்பிட்டது ஆண்டவரை அல்ல, என்னை. பக்கத்தில் பேத்தி கண்ணை இறுக மூடியிருந்தாள். அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை. அதன் கல்யாணத்தைக் கெடுக்கவும் நினைக்கவில்லை. இவளை விடவும் மனசில்லை.

"இந்தப் பொண்ண வலிப்பு கிலிப்பு இல்லாம வளத்தீரே, ஸ்தோத்திரம். எம்பொண்ணுக்கும் அது இல்ல. உமக்குத் தெரியும். இல்லாதத இருக்குதுன்னு சொன்ன எங்க அக்காவுக்கும் தெரியும். இதுக்கு அவங்களே ஆமென் சொல்லட்டும்."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. போதகர் தொண்டையைச் செருமினார். சமையல் பக்கம் ஒரு கரண்டி விழுந்தது. நான் உட்காரவில்லை.

"ஆமென்," என்றாள். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

பந்தியில் மாரண்டஹள்ளி அம்மா என் கையைத் தேடிப் பிடித்தார். "ஏம்மா, உம்பொண்ணு இப்ப எங்க இருக்குது?"

"ஓசூர்ல தைக்குதுங்க."

"உன்ன ஒரு வார்த்த கேக்காம போயிட்டமே," என்றார். அதற்குமேல் அவரால் இலையில் கை வைக்க முடியவில்லை. நான் பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. "பழிவாங்கறதுக்கா ஜெபம்?" என்று போதகர் பிறகு கடிந்துகொண்டார். இருக்கலாம். ஆனால் அந்த வெந்நீருக்குச் சொன்ன நன்றி பொய்யில்லை. அவள் வாய்க்குச் சொன்னதும் பொய்யில்லை. அந்த ஆமென் வேறு எந்த வாயிலிருந்து வந்திருந்தாலும் என் மனசு ஆறியிருக்காது.

ஒன்று மட்டும் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். போதகர்தான் முதலில் ஆமென் சொன்னார், அவள் கூட்டத்தோடு முணுமுணுத்தாள் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அவள் குரல்தான் தனியாக, முதலில் கேட்டது. பந்தலில் இருந்தவர்களை விசாரித்து, தப்பென்றால் திருத்துங்கள். என் மகளிடம் போனில் நான் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.